பத்தடி மரியாதை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. எடம் தாராளமா இருக்குது. சக்கரத்தைப் பாத்து யோசிக்காதீங்க, அது என்ற மடியிலதான் இருக்கும், உங்களை ஒண்ணும் பண்ணாது. சைக்கிளைப் பின்னாடிப் படிக்கட்டுகிட்டச் சாத்திட்டுச் சக்கரத்தை மட்டும் கழட்டிக் கையில வெச்சுக்கன்னு கண்டக்டரு சொல்லிட்டாரு. அவரு சொன்னாச் சரி. எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டுங்க.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில பழத்தட்டு. எங்க, விசேசமா? பொண்ணு பாக்கறதுக்கா? உங்களுக்கேவா! நல்லதுங்க. அப்புறம் ஏன் தனியா? ஓ, அப்பா அம்மா, பெரியப்பா எல்லாரும் காருல முன்னாடியே போயிட்டாங்களா? காருல எடம் பத்தலைன்னு மாப்பிள்ளையவே பஸ்ஸுல அனுப்பிட்டாங்களா? பாத்தீங்களா தம்பி, இந்தக் காலத்துல யாருக்குங்க மரியாதை இருக்குது. நானும் உங்க கேசுதானுங்க. சிங்காநல்லூர் போறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன், கேளுங்க.

என்ற பேரு சென்னியப்பன். மலையோர மிதிவண்டி மன்றத்தோட கேப்டன். போன ஞாயித்துக்கெழமை வரைக்கும்.

ஆமாங்க, எறக்கி உட்டுட்டாங்க. இத்தனைக்கும் நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறந்து சொல்லலை.

பம்புசெட்டு கம்பெனியில முப்பத்தொரு வருசம் சூப்பர்வைசரு நானு. ஷெட்டுக்குள்ள நான் நடந்து வந்தா நாப்பது பேரு ஒதுங்கி வழி உடுவாங்க. ரிட்டயர்டு ஆன மக்யா நாளு டீக்கடைக்குப் போறேன், ஒருத்தன் நகர மாட்டேங்கறான். கையை நீட்டித்தான் டம்ளரை வாங்க வேண்டியதாப் போச்சு. ஊட்டுல ஒரு மாசம் சும்மா உக்காந்திருந்தேன். எங்கூட்டம்மா பையனுக்கு போனைப் போட்டு, உங்கப்பன் என்னைய வேலை வாங்கறாரு, எதையாச்சும் வாங்கிக் குடுத்து வெளிய அனுப்புன்னு அழுதிருக்கறா. அவன் பெங்களூருல இருந்து இந்த சைக்கிளை வாங்கி அனுப்புனான். கிராவல் பைக்குன்னு சொல்லுவாங்க. கைப்பிடி ரேசு சைக்கிளாட்டம் வளைஞ்சிருக்கும், டயரு மட்டும் தடியா, பட்டன் பட்டனா இருக்கும். தார் ரோட்டுலயும் ஓடும், சேத்துலயும் ஓடும். இதா பாருங்க, எப்படிச் சுத்துதுன்னு. ஒரு சத்தம் வருதா? கோலிச் சோடா குண்டு உருள்றாப்பல போகுது.

அடடா, தெறிச்சிருச்சா? ஒண்ணுமில்லீங்க, சின்னப் பொட்டுதான். காஞ்சப்புறம் தட்டி உட்டாப் போயிரும். ஈரத்துல தொடைக்காதீங்க, இழுவிரும்.

வடவள்ளியில கூடறதுங்க. ஞாயித்துக்கெழமை ஆறரைக்கு, வெளிச்சம் வந்ததுக்கப்புறம். தொண்டாமுத்தூரு தாண்டிக் காட்டோரமா, யானை வராம இருக்கறதுக்கு வெட்டுன அகழியை ஒட்டியே ஒரு மண்பாதை போகுது. பாரஸ்ட் வாச்சருகிட்டச் சொல்லிட்டு அதுல ஒரு பதினஞ்சு கிலோமீட்டரு. மொதல்ல நானும், பல் டாக்டரு நந்தகோபாலும், பேக்கரி வெச்சிருக்கற கோகிலவாணியும் மூணே பேருதான். அப்புறம் பன்னெண்டு பேரு ஆயிட்டோம். குரூப் ஆரம்பிச்சது நானு. பேரு வெச்சது நானு. கேப்டன்னு என்ற பேரைப் போட்டதும் நான்தான். ஒருத்தரும் எதிர்ப்புச் சொல்லலை. ஏகமனதா ஆனேனுங்க.

கம்பெனி விசிலு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டேன்.

ஒண்ணு சொல்லோணும். ஆடி ஆவணியில பாதை காஞ்சு கெடந்துச்சுல்லீங்க, அப்ப இவிங்களுக்கு மரியாதையே கெடையாது. பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஓட்டறது, ஊர்க்கதை பேசறது, கேப்டனைத் தாண்டிக்கிட்டே போயிர்றது. அந்த டாக்டரு ஒருக்கா என்ற தோளைத் தட்டிட்டுத் தாண்டிப் போனாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊட்டுக்கு வந்து சோறு எறங்கலை.

கார்த்திகை பொறந்துச்சு. அடைமழை. பாதை பூராவும் சேறு. செம்மண்ணு பாதி, களிமண்ணு பாதி, மிச்சம் யானை போட்டுட்டுப் போனது. மொத ஞாயித்துக்கெழமை நான் முன்னாடி போறேன், பின்னாடி சத்தமே இல்லை. திரும்பிப் பாக்கறேன். பதினொரு பேரும் பத்தடி தள்ளி வர்றாங்க! தாண்டறதுக்கு ஒருத்தரும் கிட்டயே வல்லை. நான் மெதுவாப் போனா அவிங்களும் மெதுவா. நான் நின்னா அவிங்க நிக்கறது பதினஞ்சடி தள்ளி. மழை வந்துச்சு, மரியாதையும் ஒட்டுக்கா வந்துருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு தம்பி. ஊட்டுக்கு வந்ததும் எங்கூட்டம்மாகிட்ட, நான் இன்னும் பழைய சென்னியப்பன்தான்டீன்னு சொன்னேன். அவ என்ற முதுகைப் பாத்துட்டு, சட்டையைக் கழட்டி வாசல்லயே போட்டுட்டு உள்ள வாங்கன்னா.

ஆமாங்க, முதுகுல மட்டும் கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பட்டையாச் சேறு அடிக்கும். அது பின்சக்கரத்துல மட்கார்டு இல்லாததுனால. கிராவல் பைக்குல மட்கார்டு போட்டாப் பால்காரரு சைக்கிளாட்டம் ஆயிரும், அதனால நான் போடறதில்லை. ஆனா முன்னாடி பாத்தீங்கன்னா ஒரு பொட்டு இருக்காது. மூஞ்சி அப்படியே குளிச்சுட்டு வந்தாப்பல இருக்கும். மத்த பதினொரு பேரு மூஞ்சியையும் பாக்கோணுமே! பல்லும் கண்ணும்தான் தெரியும். சேத்துல எப்படி ஓட்டோணும்னு அவிங்களுக்குத் தெரியலை. அதுக்குன்னே வழியில இருக்கற சரசாக்கா டீக்கடையில நிறுத்தி அரை மணிநேரம் வகுப்பு எடுத்தேன். என்ற மூஞ்சியைக் காட்டி, இது எப்படிச் சுத்தமா இருக்குது, ரோசனை பண்ணிப் பாருங்கன்னேன். டாக்டரு என்னையே உத்துப் பாத்துட்டு, ரோசனை பண்ணிட்டுத்தான் இருக்கறோமுங்கன்னாரு. படிச்ச மனுசன், கத்துக்கோணும்னு ஒரு ஆர்வம்.

அப்புறம் குளிரு. அவிங்களுக்குப் பனி தாங்கறதில்லீங்க. டாக்டரு ஆஸ்பத்திரியில பல்லுப் புடுங்கறப்ப மூஞ்சிக்குப் போடற கண்ணாடித் தடுப்பை மாட்டிக்கிட்டு வந்தாரு. ஒருத்தரு நீச்சல் கண்ணாடி. ரெண்டு பேரு மழைக்கோட்டு, அன்னைக்கு வானத்துல ஒரு மேகம் கெடையாது. கோகிலவாணி துப்பட்டாவை மூஞ்சி பூரா சுத்திக்கிட்டு வந்துச்சு. நான் வெறும் பனியனோட போறேன். அம்பத்தொம்பது வயசுல! நீங்களே நெனைச்சுப் பாருங்க. டீக்கடைக்கு வந்தா சரசாக்கா அவிங்க பதினொரு பேருத்துக்கும் ஈரத்துண்டு குடுக்கும். எனக்குக் குடுக்காது. கேப்டனுக்கு வேண்டியதில்லைன்னு அதுக்கே தெரிஞ்சிருக்குது.

கோகிலவாணி ஒருக்கா சொல்லுச்சு. "அண்ணா, உங்க பின் டயருல இருந்துதான் எங்க மூஞ்சிக்கு வருதுங்ணா."

"காட்டுக்குள்ள வந்துட்டுச் சேறு வருதுன்னா எப்படிம்மா? கொஞ்சம் தள்ளி வாங்க"ன்னேன். அதுக்கப்புறம் இருபதடி தள்ளி வந்தாங்க. சொன்ன பேச்சைக் கேக்கறவங்கதானுங்க, நான் இல்லைங்கலை.

அதுக்காக அந்தப் பொண்ணு சொன்னதைக் காதுலயே போட்டுக்கலைன்னு நெனைச்சுக்காதீங்க. அன்னைக்குப் பொழுதோட வாட்சப் குரூப்புல ஒரு சட்டம் போட்டேன். 'மட்கார்டு இல்லாத உறுப்பினர்கள் வரிசையில் கடைசியாக வர வேண்டும். பின்னால் வருபவர்களின் நலன் கருதி. இப்படிக்கு, கேப்டன்.' மக்யா ஞாயித்துக்கெழமையே பதினொரு பேரும் மட்கார்டு போட்டுட்டு வந்துட்டாங்க. டாக்டரு மட்டும், "அப்ப உங்களுக்குங்ணா?"ன்னு கேட்டாரு. கேப்டன் எப்படிங்க கடைசியா வருவான்? கடைசியா வந்தா அவன் கேப்டனே இல்லையே. இதைச் சொன்னதும் அவரு போயிச் சைக்கிள்ல ஏறிட்டாரு. நியாயம் பட்டுருச்சு.

இப்ப வருதுங்க விசயம்.

மார்கழி ரெண்டாவது ஞாயிறு என்ற பொறந்தநாளு. டீக்கடையில சைக்கிளை நிறுத்தறேன், பதினொரு பேரும் வட்டமா நிக்கறாங்க. டாக்டரு ஒரு பொன்னாடையைக் கொண்டாந்து என்ற தோள்ல போர்த்தறாரு. கோகிலவாணி கலர் காயிதம் சுத்துன பொட்டணம் ஒண்ணு குடுக்குது. நீளமா இருக்குது. பிரிச்சா ஒரு மட்கார்டு! கறுப்புல, நல்லா அகலமா, முழங்கை நீளத்துக்கும் மேல. அதுல தங்க எழுத்துல 'கேப்டன் சென்னியப்பன்'னு எழுதியிருக்குது. பெயிண்டருகிட்டக் குடுத்து எழுதியிருக்கறாங்க தம்பி. ரெண்டு பக்கமும் ஒரு ஒரு நட்சத்திரம்.

நான் அழுதுட்டேன். வெக்கத்தை உட்டுச் சொல்றேன், தேம்பித் தேம்பி அழுதுட்டேன். முப்பத்தொரு வருசம் வேலை செஞ்ச கம்பெனியில ரிட்டயர்டு அன்னைக்கு ஒரு சுவத்துக் கடியாரம் குடுத்தாங்க, அதுல என்ற பேரைத் தப்பா அடிச்சிருந்தாங்க. இவிங்க நட்சத்திரம் போட்டுக் குடுக்கறாங்க.

டாக்டரு ஸ்பேனரோட ரெடியா நிக்கறாரு. "இப்பவே போட்டர்லாங்களாண்ணா? ரெண்டே நிமிசம்" அப்படிங்கறாரு. பின்னாடி ஒருத்தரு ஸ்க்ரூடிரைவரு வெச்சிருக்கறாரு. நான் சொன்னேன், "ஸ்பேனரை வைங்க டாக்டரு. இன்னைக்கு யாரும் ஒரு வேலையும் செய்யக்கூடாது. நம்ம நாளு இது." அப்படியே பொன்னாடையில சுத்தி, கொழந்தையாட்டம் முதுகுல கட்டி ஊட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.

ஷோகேசுல நடு அறையைக் காலி பண்ணுனேன். எங்கூட்டம்மாவோட பீங்கான் மயிலு ரெண்டு இருந்துச்சு, அதைப் பரண்ல ஏத்திட்டேன். அதுக்கு அவ மூணு நாளு பேசலை, அது கெடக்குது. மட்கார்டை நிறுத்தி வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, சுத்தீலும் சீரியல் லைட்டு போட்டு, போட்டோ புடிச்சு குரூப்புல போட்டேன். 'உங்கள் அன்புக்கு என் இல்லத்தில் உயர்ந்த இடம்.' ரெண்டு நாளு குரூப்புல ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலைங்க. அவ்வளவு நெகிழ்ச்சி. மூணாவது நாளு டாக்டரு மட்டும் ஒரு பொம்மை அனுப்புனாரு, செவுத்துல தலையை முட்டிக்கற பொம்மை. சந்தோசத்துலதான் அனுப்பியிருப்பாரு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை நல்ல மழை பெஞ்சு உட்டிருந்துச்சு. பேரு போட்ட பரிசு வாங்குன சந்தோசத்துல நானும் மிதிச்சேன் பாருங்க, அப்படி ஒரு மிதி! இதா, இப்படிச் சுத்துச்சு சக்கரம்.

சாரிங்க, சாரிங்க. அம்மா, முன்னாடி சீட்டம்மா, உங்களுக்கும் பட்டுருச்சா? பூவுல படலையே? சரி சரி, திட்டாதீங்க. தம்பி, உங்களுக்குக் காலருல ஒண்ணு, பாக்கெட்டுகிட்ட ரெண்டு. காஞ்சாப் போயிரும். பொண்ணு ஊட்டுல காபி குடிக்கறப்பத் தட்டை மேல தூக்கிப் புடிச்சுக்கங்க, தெரியாது.

எங்க உட்டேன்? ஆங், போன ஞாயித்துக்கெழமை. டீக்கடையில எறங்கறேன், ஓட்டெடுப்புன்னாங்க. எதுக்குன்னேன். கேப்டனுக்குன்னாங்க. ஹெல்மெட்டைக் கமுத்தி வெச்சு ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடறது. நானு இல்லாட்டி கோகிலவாணி. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நட்சத்திரம் போட்டுப் பத்து நாளு ஆகலை, இவிங்க போயி எனக்கு எதுராப் போடுவாங்களா? பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒரு ஓட்டுக்கூட உளுகாம மனசு ஒடிஞ்சுரப் போகுதேன்னு நானே பெருந்தன்மையா அது பேரை எழுதிப் போட்டேன்.

எண்ணுனாங்க. கோகிலவாணிக்குப் பதினொண்ணு. எனக்கு ஒண்ணு.

அன்னைக்கு நான் டீயைக் குடிக்கலை தம்பி. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். விசிலைக் கழட்டிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு ரெண்டு கையிலயும் வாங்குச்சு, கண்ணைப் பாக்கலை. வாரம் பூரா நான் தூங்கலை. பதவி போனதுக்கு இல்லைங்க. எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒரு ஆளு யாருன்னு! டாக்டரா இருக்குமோன்னு போனைப் போட்டுக் கேட்டேன். நான் இல்லீங்ணான்னு சத்தியம் பண்றாரு. எதுக்குங்க அப்படிப் பயந்து சத்தியம் பண்றாரு?

இன்னைக்குப் புதுக் கேப்டனோட மொத ரைடு. வந்ததும் அந்தப் பொண்ணு போனைத் தொறந்து நான் போட்ட சட்டத்தையே படிக்குது. மட்கார்டு இல்லாதவங்க கடைசியா வரோணும். படிச்சுட்டு, "அண்ணா, நீங்க போட்டதுதானுங்க"ங்குது. போயிக் கடைசியில நின்னேன்.

தம்பி, நீங்க கடைசியாப் போயிருக்கறீங்களா? நான் போனதே இல்லை. முன்னாடி பதினொரு முதுகு தெரியுது. பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஓட்டறாங்க, ஊர்க்கதை பேசறாங்க, டாக்டரு என்னமோ சொல்ல எல்லாரும் சிரிக்கறாங்க. மூஞ்சித் தடுப்பு இல்லை, நீச்சல் கண்ணாடி இல்லை, மழைக்கோட்டு இல்லை. ஒரே வாரத்துல குளிரு உட்டுருச்சு போலிருக்குது. புதுக் கேப்டனுக்கு ஒருத்தருகூடப் பத்தடி உடலை! ஒட்டி ஒரசிக்கிட்டுப் போறாங்க. அந்தப் பொண்ணை நெனைச்சா எனக்கே பாவமாப் போச்சு. வயித்தெரிச்சல்னு சொல்ல மாட்டேன். வயித்தெரிச்சல்தானுங்க.

பழக்க தோசத்துல பின்னாடி திரும்பிப் பாத்தேன். ஒருத்தரும் இல்லை. ஒரு மயிலு நின்னுச்சு. அதுவும் சேத்தைப் பாத்துட்டு அந்தப் பக்கம் போயிருச்சு.

அப்பத்தான் ஒரு கல்லு மேல ஏறி, பின்னாடி கியரைத் தாங்கற சின்னத் துண்டு படக்குன்னு ஒடைஞ்சுது. சங்கிலி தொங்குது. விசிலு ஊதலாம்னு கழுத்துல கையை வெக்கறேன், விசிலு இல்லை. கூப்புட்டா யாருக்குக் கேக்கும்? நின்னேன். காடு, சேறு, நானு. முப்பத்தொரு வருசத்துல எனக்கு இப்படி ஒரு தனிமை இருந்ததில்லீங்க.

இருபது நிமிசம் இருக்கும். கோகிலவாணி திரும்பி வருது, தனியா. "தலையை எண்ணிப் பாத்தேன்ணா. பதினொண்ணுதான் இருந்துச்சு. பதறிப் போயிட்டேன்"னுது. நான் கேப்டனா இருந்தப்ப ஒரு நாளும் தலை எண்ணலை, எண்ண வேண்டிய அவசியமும் வல்லை, அது வேற. சைக்கிளை உருட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் எங்கூடவே நடந்துச்சு. பையில இருந்து ஒரு தேங்காய் பன்னை எடுத்துப் பாதி பிச்சுக் குடுத்துச்சு. ரோசனை பண்ணிப் பாத்தா, இந்தச் சீசன்லயே ஒருத்தரு எனக்குப் பக்கத்துல வந்தது அதுதான் மொதத் தடவை. நல்லா இருந்துச்சுங்க. மரியாதைக் கொறைச்சல்தான், ஆனா நல்லா இருந்துச்சு.

பஸ்ஸு வர்ற நேரத்துல சொல்லுச்சு. "அண்ணா, அந்த ஒரு ஓட்டு நான் போட்டதுங்க. நீங்க ஆரம்பிச்ச குரூப்பு. எனக்கு நானே போட்டுக்க மனசு வல்லை. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்த மட்கார்டை ஷோகேசுல இருந்து எடுத்து சைக்கிள்ல போட்டுட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை விசிலு உங்க கையில. எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க. டாக்டரு ஸ்பேனரை இன்னும் பையிலயேதான் வெச்சிருக்கறாரு."

பஸ்ஸு ஏறுனதுல இருந்து இதைத்தான் ரோசனை பண்றேன். நீங்களே சொல்லுங்க தம்பி, படிச்சவரு. நான் என்ன செய்யோணும்?

போட்டர்றதா? அட, நீங்களுமா!

உங்களுக்குப் புரியலை. பதினொரு பேரு சேந்து, பெயிண்டரைப் புடிச்சுத் தங்க எழுத்துல என்ற பேரை எழுதி, நட்சத்திரம் வெச்சுக் குடுத்திருக்கறாங்க. அந்த அன்பைக் கொண்டுபோயிச் சக்கரத்துக்கு மேல கட்டி யானைச் சாணியில முக்கறதா? நான் மனுசனா இல்லையா? வேண்டாமுங்க. கேப்டன் பதவி போனாப் போகட்டும், விசிலு போகட்டும், நான் சாகற வரைக்கும் கடைசியாவே வந்துக்கறேன். எனக்கு அவிங்க அன்புதான் பெருசு. அதை அழுக்காக்க உடமாட்டேன். இந்தச் சக்கரத்து மேல சத்தியமாச் சொல்றேன், இதா!

அச்சச்சோ. கண்ணுல பட்டுருச்சா? கசக்காதீங்க, கசக்காதீங்க.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? சிங்காநல்லூரு இன்னும் வல்லீங்களே. எங்க போறீங்க? டிரைவருகிட்டயா? அங்க சீட்டு இல்லீங்க, நிக்கோணும். பரவால்லீங்களா? சரி, சரி, உங்க இஷ்டம்.

பாத்தியாம்மா முன்னாடி சீட்டம்மா, பொண்ணு ஊட்டுக்காரங்க குடுத்து வெச்சவங்க. இந்த வயசுலயே பெரியவங்களுக்குப் பத்தடி தள்ளி நிக்கறான். நான் ஒரு வார்த்தை சொல்லலை, அவனாப் போயி நிக்கறான்.

அட, நீயும் எந்திரிச்சுட்டியா? உக்காரு சாமி, அவ்வளவு மரியாதையெல்லாம் வேண்டாம். நான் இப்பக் கேப்டன்கூட இல்லை.